நெல் காயும் சாலை

சென்னையை விட்டு நாங்கள் வெளியேறியதற்கு எந்தத் தத்துவமும் காரணமில்லை. என் கணவர் ஓர் அச்சகத்தில் முப்பத்தோராண்டுகள் பிழை திருத்தினார். நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். இரண்டு வேலைகளுமே ஓய்வூதியம் இல்லாதவை. வீட்டுக்காரர் மூன்றாவது முறையாக வாடகையை உயர்த்தியபோது, உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில், சாலையிலிருந்து உள்ளடங்கிய ஒரு சிற்றூரில் வீடு பார்த்தோம். இரண்டு அறைகள், கிணறு, பின்புறம் முருங்கை. சென்னையில் கொடுத்த வாடகையில் மூன்றிலொரு பங்குகூட இல்லை.

எங்களிடம் வண்டி இருந்ததில்லை. மாநகரப் பேருந்தும் மின்சார ரயிலும் இருந்த ஊரில் அது குறையாகத் தெரிந்ததுமில்லை. ஆனாலும் வீட்டைப் பார்த்த அன்று நான் முதலில் கேட்ட கேள்வி அதைப் பற்றித்தான்.

"பஸ் வருமா?"

"வரும்மா. மூணு நட வருது. காலைல ஆறு மணி வண்டி நேரா காஞ்சிபுரம் பூடும்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் வீடு பார்த்தது ஆனி மாதம்.

காஞ்சிபுரம் என்றதும் நான் நிம்மதியடைந்ததற்குக் காரணம் என் கணவரின் கண். சர்க்கரை நோயால் இடது கண்ணில் பார்வை சில ஆண்டுகளுக்கு முன்பே மங்கிவிட்டது. படிப்பதெல்லாம் வலது கண்ணால்தான். அந்தக் கண்ணின் இரத்தக் குழாய்களிலும் கசிவு தொடங்கியிருந்ததால் மாதம் ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய கண் மருத்துவமனைக்கு விழித்திரை மருத்துவர் மாதத்தில் இரண்டு வியாழக்கிழமைகள் வெளியூரிலிருந்து வந்தார். எட்டரைக்குள் பெயர் பதிய வேண்டும். ஒன்பதரைக்கு மேல் அவர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். ஆறு மணிப் பேருந்து எங்களை ஏழரைக்கெல்லாம் அங்கே சேர்த்துவிடும். ஆறு மாதங்கள் அப்படியே நடந்தது. கடைசிப் பேருந்தில் திரும்பி வந்து, கண்ணின் கட்டைப் பிரித்த மறுநாளே அவர் ஒரு புத்தகத்தோடு சன்னலருகே உட்கார்ந்துவிடுவார். வேலையை விட்ட பிறகும் பென்சிலை விடவில்லை. எந்தப் புத்தகமானாலும் ஓரத்தில் ஒற்றுப் பிழையைக் குறித்துவைப்பார். யாருக்காக என்று நான் கேட்டதில்லை.

குடிவந்த இரண்டாம் மாதம் நான் ஒரு தவறு செய்தேன். அது தவறு என்று எனக்கே தெரியாது.

அன்று பேருந்து பழுதாகிவிட்டது. உத்திரமேரூரில் அவருக்கு இரத்தப் பரிசோதனை. அடுத்த வீட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும், ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் பயிர் வைத்திருப்பவர், நாங்கள் கேட்காமலே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"ஏறுங்க சார். நான் அந்தப் பக்கந்தான் போறேன்."

அவருக்கு அந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லை. என் கணவரை அழைத்துப் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். நான் ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"இன்னா டீச்சரம்மா இது?"

"பெட்ரோலுக்கு."

"நான் இன்னா ஆட்டோவா ஓட்டிக்கினு கீறேன்?" என்று சிரித்தார். வாங்கவில்லை.

அந்தச் சிரிப்பைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். நகரத்தில் வளர்ந்தவள்; யாருக்கும் எதையும் பாக்கி வைக்காமல் இருப்பதே மரியாதை என்று நம்பியவள். மறுநாள் அதே தாளை அவர் மனைவியின் கையில் வைத்து அழுத்திவிட்டு வந்தேன். அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் நிம்மதியாக வீட்டுக்குள் வந்தேன்.

அதன் பிறகு எந்த வண்டியும் எங்கள் வாசலில் நிற்கவில்லை. யாரும் முகம் திருப்பவுமில்லை. "நாஷ்டா ஆச்சா டீச்சரம்மா?" என்று கேட்டார்கள்; கத்திரிக்காய் காய்த்தால் கொடுத்தனுப்பினார்கள். நாங்கள் பையோடு நடந்தால் மட்டும் வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. பேருந்துதான் இருக்கிறதே என்று நானும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஐந்தே முக்காலுக்கே நிறுத்தத்தில் நின்றோம். ஆறு மணி ஆயிற்று, ஆறே கால் ஆயிற்று. வெளுத்து வந்தபோதுதான் சாலை முழுவதும் மஞ்சளாக இருந்ததைக் கவனித்தேன். அறுவடையான நெல்லை முதல் நாளே கொண்டுவந்து குவித்து, ஓரங்களில் கல் வைத்து, சாலையின் முக்கால் அகலத்துக்குப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் நெல்லைக் காலால் துழாவியபடியே எங்களிடம் வந்தாள்.

"இன்னாம்மா, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? நெல்லு போட்டுகீது பாருங்க. பஸ்ஸு கூட்டு ரோட்டோட திரும்பிக்கும்."

"யாரும் சொல்லவில்லையே?"

"இத யாரு சொல்லுவாங்க? நெல்லு மேல ஏத்தினா டிரைவர உயிரோட வுட்ருவோமா?" என்று சிரித்துவிட்டு மறுபடியும் துழாவப் போனாள்.

ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்ததை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அறுவடை முடியும்வரை பேருந்து ஊருக்குள் வராது. அவரவர் வண்டியில், ஊர்ச் சாலை பெரிய சாலையோடு சேரும் கூட்டுச் சாலைக்குப் போய் ஏறிக்கொள்வார்கள்.

கைபேசியில் உத்திரமேரூர் ஆட்டோக்காரரை அழைத்தேன். "முகூர்த்த நாளும்மா, எல்லா வண்டியும் மண்டபத்துக்குப் போய்க்கீது. பத்து மணிக்கு மேல பாக்கலாம்" என்றார். கூட்டுச் சாலை மூன்று கிலோமீட்டர். நடப்போம் என்றார் என் கணவர்.

நெல்லை மிதிக்காமல், எஞ்சியிருந்த ஒற்றையடி அகலத்தில், அவர் கையைப் பிடித்து நடத்திப் போனேன். கல் எங்கே, நெல் எங்கே என்று அரைவெளிச்சத்தில் அவருக்குத் தெரியவில்லை. மெதுவாகத்தான் போக முடிந்தது. பாதி வழி வந்திருப்போம். பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து வேகம் குறைந்தது. அடுத்த வீட்டுக்காரர். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், நடந்தே கெளம்பிட்டீங்க?"

என் கணவர் சொன்னார்: "சும்மாதான் தம்பி. காலாற நடக்கலாம்னு."

அடுத்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்காகக் காத்திருந்தார் என்பதை இன்று அறிவேன். ஒரு மூச்சு நேரம் நின்றிருப்பார். மணி ஆறே முக்கால். கண்ணைக் காட்டப் போகிறோம், கூட்டுச் சாலையில் விட்டுவிடுங்கள் என்பதைச் சொல்ல அதற்கு மேல் நேரம் வேண்டியதில்லை. இலக்கணத்தில் இரத்தலை மூன்றாகப் பிரித்து, 'ஈ' என்பது தாழ்ந்தோன் சொல், 'தா' என்பது ஒத்தோன் சொல், 'கொடு' என்பது உயர்ந்தோன் சொல் என்று முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த மூன்றில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. பணம் தந்தால் வாங்கமாட்டார், பணம் தராமல் எப்படி ஏறுவது என்றுதான் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கணவரின் சொல்லை மறுத்துப் பேசத் தயங்கியதும் உண்மை.

"சரி சார், பாத்துப் போங்க" என்று அவர் போய்விட்டார்.

ஏரிக்கரை வளைவுக்கு நாங்கள் வந்தபோது கூட்டுச் சாலையில் பேருந்து ஒன்று நின்றது எனக்குத் தெரிந்தது. அது கிளம்பிய ஓசை என் கணவருக்குக் கேட்டது. "போயிடுச்சா?" என்றார். அடுத்த பேருந்தில் ஏறி, மருத்துவமனைப் படியேறியபோது மணி ஒன்பது ஐம்பது. மருத்துவர் போய்விட்டிருந்தார். அடுத்த வருகை இரண்டு வாரம் கழித்து என்று எழுதித் தந்தார்கள்.

பதினோராம் நாள் காலை, சன்னலருகே புத்தகத்தை விரித்தவர், "இந்தப் பக்கத்துல மசி கொட்டியிருக்கே" என்றார். பக்கத்தைத் திருப்பினார். அங்கும் மசி இருந்தது. வேறு புத்தகத்தை எடுத்தார். நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இரண்டு புத்தகங்களும் சுத்தமாக இருந்தன.

கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பரவியிருந்தது. சென்னையில் அறுவை செய்தார்கள். வெளிச்சமும் உருவமும் திரும்பின; எழுத்து திரும்பவில்லை. முன்பே ஊசி போட்டிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். அவர் என் மீது பழி சுமத்தவுமில்லை, என்னை விடுவிக்கவுமில்லை. அந்த இடத்திலேயே இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

செய்தி தெரிந்ததும் அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். அழுதாள். பிறகு கோபமும் வந்தது.

"ஒரு வார்த்த சொன்னா இன்னாம்மா? அன்னிக்கு வழியில பாத்துட்டுத்தானே வந்துச்சு எங்க வூட்டுக்காரு!"

"எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை" என்றேன்.

"நாங்க இன்னா நெனச்சோம் தெரியுமா? இவங்க காசு குடுத்தே பழகினவங்க, நம்ம வண்டி வேணாம், ஆட்டோ வெச்சுக்குவாங்கன்னு வுட்டுட்டோம். நீங்க அந்த நூறு ரூபாவ குடுத்தப்பவே சொல்லிக்கினாரு, 'நம்மள கூலிக்காரனா ஆக்கிட்டாங்கடி'ன்னு."

அவர்கள் மீது கோபப்பட முயன்றிருக்கிறேன். நெல் மீதும், பேருந்து மீதும், வாடகையை உயர்த்திய சென்னை வீட்டுக்காரர் மீதும் முயன்றிருக்கிறேன். எதுவும் நெடுநேரம் நிலைப்பதில்லை. சுற்றிச் சுற்றி அந்த ஒரு மூச்சு நேரத்துக்கே வந்து சேர்கிறது.

இப்போது மாலையில் நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். ஒற்று விட்டுப்போன இடத்தில் என் குரல் தடுக்கினால் பென்சிலுக்காகக் கை நீளும். பிறகு மடியிலேயே திரும்பிவிடும்.

இந்த மாசியில் சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. முதல் நாளே அடுத்த வீட்டு வாசலில் நின்று கேட்டேன். கேட்பது அத்தனை எளிதாக இருந்தது. காலையில் அவர் வண்டியில் என் கணவரும், அவர் மனைவியின் ஸ்கூட்டியில் நானுமாகக் கிளம்பினோம். வண்டியில் ஏறும்போது கால் வைக்கும் கம்பியைப் பாதத்தால் துழாவித் தேடிய என் கணவர், மூச்சை இழுத்து முகர்ந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நெல்லு போட்டிருக்காங்களா?"

எதிரே சாலை கண்ணுக்கெட்டிய மட்டும் மஞ்சளாகக் கிடந்தது. போட்டிருக்கிறார்கள் என்றேன்.