ஒரே வேலில் இரண்டு பிராது

அப்பாவும் நானும் ஒருவர்மேல் ஒருவர் சாமியிடம் வழக்குப் போட்டவர்கள். அந்த வழக்கில் கொளஞ்சியப்பர் எங்களுக்கு என்ன செய்தார் என்பதை, அவரை நம்புகிற உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன். ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மேலே எழுத முடியாது.

2004ஆம் வருடம். விருத்தாசலத்தில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம். ஜங்ஷன் ரோட்டில் ஒரு சென்டரில் நெட்வொர்க்கிங் சர்டிபிகேட் வகுப்பு ஆரம்பித்தார்கள். பகல் முழுக்க வகுப்பு. முடித்துவிட்டுச் சென்னையில் பரீட்சை எழுதித் தேறினால் அந்தச் சான்றிதழ் எந்த நாட்டிலும் செல்லும். மங்கலம்பேட்டை நண்பன் ஒருவனுடைய அண்ணன் அதை வைத்துத்தான் துபாயில் வேலைக்குப் போயிருந்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் அதில் சேர வேண்டுமென்றால் கல்லூரியை விட வேண்டும். சாயங்கால வகுப்பு உண்டா என்று சென்டர் சாரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு ஆளுக்காக நடத்த முடியாது என்று சொல்லிவிட்டார்.

அப்பா செராமிக் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட்ட கையைத் தட்டில் உதறினார்.

"பாதி வெந்தத சூளையிலேருந்து எடுத்தா என்னடா ஆவும்?"

"என்ன ஆவும்?"

"தண்ணி ஊத்துனா கரைஞ்சிடும். மூணாவது வருசம் முடிச்சிட்டு எங்க வேணா போ."

"முடிச்சவனெல்லாம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு நிக்கறாம்பா. கம்பெனிக்காரன் தொழில் தெரியுமான்னுதான் பாக்கறான், பட்டத்த இல்ல."

"நீ எத்தினி கம்பெனிக்காரன பாத்துட்ட? சேத்தியாத்தோப்பத் தாண்டிப் போனதில்ல, பேச்சு மட்டும் அமெரிக்காவுக்குப் போவுது."

ஒரு மாதம் வீடு இப்படியே எரிந்தது. கடைசியில் ஒருநாள், "நான் கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டப் போறேன்" என்றேன். அப்பா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நானும் வரேன். எனக்கும் ஒரு பிராது இருக்குது."

நம் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூரில் இருக்கிற கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதி, சந்நிதியில் வைத்து, விபூதியோடு மடித்து அங்கே காவல் நிற்கும் முனியப்பர் வேலில் கட்டுவோம். அதுதான் பிராது. குறை தீர்ந்தால் வந்து ராஜினாமா செய்து எடுத்துவிட வேண்டும். கோர்ட்டு மாதிரியேதான்.

அப்பா சைக்கிள் மிதித்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பையன் கல்லூரியை விடக் கூடாது என்று அவர் எழுதினார். அப்பா குறுக்கே நிற்கக் கூடாது என்று நான் எழுதினேன். ஒளிவுமறைவு இல்லை, ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கித்தான் எழுதினோம். கோயிலில் பிராதுச் சீட்டு கொடுக்கிறவர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏங்க, ஒரே வூட்டுலேருந்து எதிரும் புதிருமா ரெண்டு பிராதா? சாமி யார் பக்கம் நிக்கும்?"

"நியாயம் இருக்கிற பக்கம்" என்றார் அப்பா.

"வக்கீலு வச்சிருக்கீங்களா?"

இருவரும் கட்டப் போனோம். இரண்டு பொட்டலமும் ஒரே வேலில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. நான் அடுத்த வாரமே கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டு சென்டரில் உட்கார்ந்தேன். அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் அம்மாவிடம் சொல்வார். ஒரே அறையில் இருந்துகொண்டு, "அவனை வெளக்க அணைக்கச் சொல்லு" என்பார்.

ஆவணி மாதம், வேலை நேரத்தில் அப்பா சூளைப் பக்கம் விழுந்துவிட்டார்.

பக்கவாதம். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அந்த வார்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். உதடு ஒரு பக்கம் இழுக்கும். ஒரு சத்தம் வரும், அது வார்த்தை ஆகாது. அவர் கண்ணில் தண்ணீர் இறங்கும். ஒரு மாதமாக அவர் பேசிவிட மாட்டாரா என்று வீம்பாகக் காத்திருந்தவன் நான். இப்போது அவருக்குப் பேசத்தான் முடியவில்லை.

பேச்சு திரும்புமா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அவ்வளவுதான்.

அம்மா வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். "அப்பனும் புள்ளையும் சாமிய நடுவுல நிக்க வச்சு ஆளுக்கொரு கையப் புடிச்சு இழுத்தீங்க. அது என்ன தம்பி பண்ணும்?" என்றார். அழக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் போய்க் கட்டில் ஓரம் நின்றேன். "என் பிராத எடுத்துடறேம்பா. காலேஜுக்கே போறேன்."

அப்பா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. இடது கையை மெதுவாகத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டார். எனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டார்.

"ஒன்னோடத எடுக்கச் சொல்றியாப்பா?"

கண்ணை மூடித் திறந்தார்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். கோயிலில் அதே சீட்டுக்காரர்தான். ராஜினாமா என்றதும், "யார் ஜெயிச்சது தம்பி?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் அப்புறம் சிரிக்கவில்லை. தானே எழுந்து வந்து வேல் வரைக்கும் என்னோடு நடந்தார். அப்பாவுடையதை எடுத்தேன். என்னுடையதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அதையும் எடுத்தேன்.

புதுப் பிராது கட்டவில்லை. வெறும் கையோடு நின்றேன். "நான் எதைப் படிக்கணும்னு இனி உங்களுக்குச் சொல்லித்தர மாட்டேன், அப்பனே. அவர் வாயில் ஒரு வார்த்தை போடுங்க. என்னைத் திட்டுகிற வார்த்தையானாலும் சரி" என்று வேண்டினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் இப்படி வேண்டியதே இல்லை. அதுவரை நான் செய்ததெல்லாம் சாமிக்கு யோசனை சொன்னதுதான்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பாவை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தோம். அம்மா செராமிக் பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போனார். நான் அப்பாவுக்குச் சோறு ஊட்டினேன். தீபாவளி வந்து, வெடிச் சத்தம் கேட்டு, போயிற்று. அப்பா வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. இனி இப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு காலை, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"பரீச்ச… எப்ப?"

கிண்ணம் என் கையிலிருந்து நழுவிற்று. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து வாசற்படியில் நின்றுவிட்டார்.

"எந்தப் பரீச்சப்பா? காலேஜா, சென்டரா?"

அப்பாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்தப் பழைய எரிச்சல், அப்படியே.

"ரெண்டுந்தான்டா… மடையா."

அந்த 'மடையா'வைப் போல இனிப்பான சொல்லை நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் நடந்ததையும் கேளுங்கள். முடியாது என்று சொன்ன அதே சென்டர் சார், "சாயங்காலம் கடை சாத்தறதுக்கு முன்னாடி வந்து உக்காரு" என்றார். கல்லூரிக்குத் திரும்பினேன். வருகைப் பதிவு போதவில்லை என்று ஒரு வருடம் போயிற்று. சென்னைப் பரீட்சையில் முதல் தடவை தோற்றேன். அடுத்த தடவை தேறினேன். டிகிரியும் முடிந்தது, தாமதமாக. சென்னைக் கம்பெனியில் வாசலிலேயே டிகிரி இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பா சொன்னது சரி. உள்ளே கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடக் கல்லூரியில் படித்ததில்லை. நான் சொன்னதும் சரி. வேலை கிடைத்தது. என் சான்றிதழ் மூன்று வருடத்தில் காலாவதி ஆகும், மறுபடி எழுத வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். "பட்டத்துக்கு அந்த வியாதி இல்ல பாரு" என்றார் அப்பா.

அவர் வலது கை இன்னும் எழவில்லை. இனி எழாது என்கிறார்கள். கம்பெனிக்கு அவர் திரும்பவே இல்லை. நான் கேட்டது ஒரு வார்த்தை, கிடைத்தது அதைவிட அதிகம். கையையும் ஏன் தரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சில ராத்திரி அவர் அந்தக் கையை மற்றக் கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போதெல்லாம் நான் கேட்கத்தான் நினைக்கிறேன்.

என் மாதிரி வழி தெரியாமல் தவிக்கிற தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். குறை இருந்தால் மணவாளநல்லூருக்குப் போங்கள். அவர் கேட்கிறார், சத்தியம். ஆனால் தீர்ப்பை நீங்களே எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வேலை கிடைத்ததும் அப்பாவைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போனேன். சீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார்.

"வாங்க. இந்தத் தடவ எத்தினி பிராது?"

அப்பா நின்று மூச்சு வாங்கினார். ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தார்.

"ஒண்ணும்… இல்லீங்க. சும்மா… பாத்துட்டுப் போவ… வந்தோம்."