வாயில் ஒரு தெர்மாமீட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், எந்தெந்த ஊரில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம், ஏன் அதிகம் என்று ஆராயும் பயிற்சிக்குக் கோவையில் எங்களைச் சேர்த்தார்கள். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் அளக்க வேண்டும். கூடுதலாக இருக்கும் ஊருக்கு வரைபடத்தில் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை. எனக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் கிடைத்தது.

வண்ணம் தீட்டியதும் பார்த்தால் எல்லோருடைய பகுதியும் பச்சை, என்னுடையது மட்டும் மிளகாய்ப் பழம். பயிற்சி தந்த டாக்டர் சார் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உன்ற ஊர்க்காரங்க அத்தனை பேருமா கோவக்காரங்க? திரும்ப அளந்துட்டு வா. இதே மாதிரி வந்துச்சுன்னா வெளிய அனுப்ப மாட்டேன், ஆபீஸ்ல உக்காந்து டைப் அடி.”

எனக்கு வந்ததே கோபம்! டைப் அடிக்கவா வீட்டில் அத்தனை சண்டை போட்டு இதில் சேர்ந்தேன்?

அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. வீடு தேடி வந்தவளிடம் பேசாமல் இருப்பதா? அந்தப் பக்கம் நடக்கிற காரியமா அது? என்னுடன் படித்தவர்கள் உம்மணாமூஞ்சிகள், அவர்களிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை. நானோ வாயாடி.

“யானை தோட்டத்துக்குள்ள பூந்து தென்னங்கன்னையெல்லாம் மிதிச்சுப்போட்டுதுங்க அம்மணி” என்று ஆரம்பிப்பார்கள். “ஐயையோ, அப்புறங்க?” என்பேன், கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே. யானை வேலியைத் தாண்டும்போது பாதரசமும் கூடவே ஏறும்.

பேசாதீர்கள் என்று சொன்னால் முகம் வாடிவிடும். மறுபடி அளக்கப் போகுமுன் யோசித்து ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். “நாக்குக்கு அடியில வெச்சுக்கங்க. வாயத் தொறந்தா தப்பாக் காட்டிப்போடுமுங்க.” அடடா, என்ன அமைதி! ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கழுவித் துடைத்து நீட்டினேன். வீட்டுக்கு வீடு எண்கள் சமர்த்தாக இறங்கின. டைப்ரைட்டரிடமிருந்து தப்பித்தேன் என்று ஒரே குஷி.

கடைசி வீடு, சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் ஒரு அக்காவுடையது. போன தடவை என் தாளில் ஏறியதிலேயே பெரிய எண் இவருடையதுதான். ஆனால் பேச்சும் அவ்வளவு பெரிது என்பதால் நான் கவலைப்படவில்லை. தெர்மாமீட்டரைக் கவ்விக்கொண்டு கண்ணாலேயே சிரித்தார். ஐந்து நிமிடம் கழித்து அளந்தேன். எண் இறங்கவில்லை. மறு கையில் அளந்தேன். திரும்பவும் முதல் கையில். அப்படியே இருந்தது. இது பேச்சு ஏற்றிய எண் இல்லை.

அக்கா தெர்மாமீட்டரை வெளியே எடுத்தார். “நாந்தான பேசக் கூடாது? நீ ஏங் கண்ணு பேசாம உக்காந்திருக்கறே?”

“இப்பவே டவுனுக்குப் போலாங்கக்கா. எங்க டாக்டர் பாக்கட்டும்.”

“போலாம் கண்ணு. பஸ்ஸுல பேசலாமுல்ல?”

காந்திபுரம் வரைக்கும் பேசினார். சார் பரிசோதித்துவிட்டு, “நல்லவேளை, இப்பவே கூட்டிட்டு வந்தே” என்று மாத்திரை எழுதினார். வரைபடத்தை அவரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. அக்கா அந்த மாத்திரையை இன்றைக்கும் போட்டுக்கொள்கிறார். போன் செய்தால் வைக்கவே விடுவதில்லை.