கலைந்த வீட்டின் படம்

சவூதியில், எங்கள் ஜுபைல் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எழுந்தால், வியர்த்த தொடையிலிருந்து பிளாஸ்டிக் உறை "சரக்"கென்று உரிந்து வரும். ஊருக்குக் கொண்டுபோகிற சோபா என்பதால், கடையில் போட்டுக்கொடுத்த உறையை அம்மா கடைசிவரை கழற்றவில்லை. தங்கக் கரை போட்ட தட்டுகளும் "ஊருக்கு" என்று எழுதிய அட்டைப்பெட்டிக்குள் கட்டிலுக்கடியில் கிடந்தன.

நான் ஒற்றைப் பிள்ளை. அப்பாவுக்கு ஆலையில் ஷிஃப்ட், அம்மாவுக்கு கிளினிக்கில் நர்ஸ் வேலை. ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புவார். பள்ளி விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் திறந்து உள்ளே பூட்டிக்கொள்வேன். "ஆரு தட்டினாலும் தெறக்கப்பிடாது மக்களே" என்பது அம்மாவின் சட்டம். ஒருவரும் தட்டியதே இல்லை, அதுதான் என் துக்கம்.

துணைக்கு இருந்தது சுவரில் ஒரு படம். எங்களுக்கு முன் குடியிருந்த டச்சுக்காரர் விட்டுப்போன, அவர் நாட்டுப் பழைய ஓவியம் ஒன்றின் அச்சு. அதில் அம்மா மேசையிலேயே தூங்குகிறாள், அப்பா கோப்பையை நீட்டிச் சிரிக்கிறார், அக்கா தம்பியின் வாயில் புகைக்குழாயை வைக்கிறாள், நாய் மேசையேறி இறைச்சியைத் தின்கிறது, தரையெல்லாம் முட்டை ஓடும் சீட்டுக்கட்டும். "ஒதுங்க வைக்காத வீடு இப்பிடித்தான் நாறும்" என்பாள் அம்மா. எனக்கோ அந்த வீட்டில் அத்தனை பேரும் ஒரே மேசையில் இருந்ததுதான் கண்ணில் பட்டது. வீடு கலைந்தால் எல்லோரும் கூடிவிடுவார்கள் என்று எப்படியோ முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் நாற்காலியைக் கவிழ்த்து, முட்டை ஓட்டை இறைத்து, "ஊருக்கு"ப் பெட்டியைப் பிரித்துத் தங்கக் கரைத் தட்டுகளைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தேன். கதவைத் திறந்த அம்மா, திருடன் புகுந்துவிட்டான் என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதபடி அப்பாவுக்குப் போன் செய்தாள். அப்பா வேலை உடுப்போடு ஓடி வந்தார். நான் படத்தைக் காட்டினேன். படத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தவர், சிரிப்பு தாங்காமல் முட்டை ஓட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "கலாஸ், முடிஞ்சுது! தட்டு வெளிய வந்தாச்சுல்லா, சோறு போடு" என்றார். கோபமாக இருக்கப் பார்த்த அம்மாவும் சிரித்துவிட்டாள். மூவரும் தங்கக் கரைத் தட்டில் ரசம் சோறு சாப்பிட்டோம்.

மறுநாள் அம்மா தட்டுகளைத் துடைத்து மறுபடியும் பெட்டியில் கட்டினாள். ஊர் திரும்பியபோது தட்டுகள் வந்தன, சோபா வந்தது. படம் நம்முடையது இல்லை என்று சுவரிலேயே விட்டுவிட்டோம்.

இப்போது நான் அபுதாபியில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் நாகர்கோவிலில். இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் அதேபோன்ற ஓவியத்தைக் காட்டி, வீடு இப்படி இருக்கக்கூடாது என்று கேலி செய்யவே வரைந்தார்கள் என்றாள் விளக்கம் சொன்ன பெண். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்த மேசையைச் சுற்றி எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அறைக்குத் திரும்பிக் கதவைத் திறந்தேன். காலையில் நான் குடித்துவைத்த கோப்பை, வைத்த இடத்திலேயே இருந்தது.