தங்க உருண்டைக்குப் பொட்டு

நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் நாங்கள் செய்துகொண்டிருந்தது, எலுமிச்சம்பழ அளவில் தங்க முலாம் பூசிய ஓர் உருண்டை. செயற்கைக்கோளிலிருந்து ஒரு குச்சியின் நுனியில் நீட்டிக்கொண்டு நின்று, பூமியைச் சுற்றியுள்ள பிளாஸ்மா என்னும் மின்னூட்ட வாயுவில் எலக்ட்ரான்கள் எவ்வளவு, அவை எவ்வளவு சூடு என்று அது அளந்து சொல்லும். வெறும் கை பட்டால் போச்சு. விரலின் பிசுக்கு ஒட்டினாலே அளவு பொய்யாகிவிடும்.

எங்கள் குழுவை நடத்திய மேடம் பிளாஸ்மா இயற்பியலில் முனைவர். உருண்டைக்குப் பக்கத்தில் யாராவது தும்மினால் தொலைந்தார்கள். அன்றைக்குச் சோறு இறங்காதபடி திட்டுவார். அவருடைய முந்தைய உருண்டை ராக்கெட்டோடு கடலில் விழுந்திருந்தது. ஓய்வு பெறுவதற்குள் இந்த ஒன்றாவது மேலே போயாக வேண்டும்.

அனுப்புவதற்கு முந்தைய நாள் ஊர்ப்பட்ட கூட்டம் வந்து பார்த்துவிட்டுப் போனது. "எம்புட்டு அழகு!" என்று சொல்லாத ஆளில்லை. மறுநாள் காலை கடைசிச் சோதனையில், உருண்டையின் அளவைத் திரையில் காட்டும் வரைகோடு கோணிக்கொண்டு நின்றது. லென்ஸ் வைத்துத் தேடினால், உருண்டையின் அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. கண்மை!

"எவன்யா இத வெச்சது?" என்று கத்தினேன்.

"நாந்தான்" என்றார் மேடம். "கிளவுஸ் போட்டுத்தான்யா வெச்சேன்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

"நேத்து வந்தவங்க கண்ணு பட்டுரும்னா மேடம்?"

"அவங்க கண்ணு என்னய்யா செய்யும்? போன தடவ ராக்கெட்டு கெளம்புறப்ப வெச்ச கண்ணு வாங்காமப் பாத்தது நானு. எங் கண்ணுக்குப் பயந்துதான் வெச்சேன்."

ஆல்கஹாலில் துடைத்தோம். கோடு ஒழுங்காக வந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றும்போது மேடம் முதுகைக் காட்டி நின்றார். ராக்கெட் கிளம்பிய அன்று, செல்போனை அணைத்துவிட்டு வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சில நாள் கழித்து செயற்கைக்கோளிலிருந்து முதல் அளவுகள் இறங்கின. மேடம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நான் பாக்க மாட்டேன். நீ வாசி."

நான் எண்களை வாசிக்க வாசிக்க, அவர் விரல் காற்றில் கோடு வரைந்துகொண்டே போனது. ஏறி, வளைந்து, சமமாகி நின்றது. தோள்கள் குலுங்கின.

"அழகா இருக்கு மேடம்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதய்யா!" என்று பதறினார், சுவரைப் பார்த்தபடியே. "சுமாரா இருக்குன்னு சொல்லு."



"சுமாரா இருக்கு மேடம்."