பழனியம்மாவின் இரண்டாவது தட்டு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில், பிளாட்டில் விருந்து என்றால் பழனியம்மாவுக்குத்தான் போன் வரும். வயது நாற்பத்தாறு, கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தாள். பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவன் ஒன்பது வருடம் அடித்தான். விறகுக் கட்டையால் அடித்திருக்கிறான், கொதித்த தேத்தண்ணியை முகத்தில் ஊற்றியிருக்கிறான். ஒரு தடவை காதோடு சேர்த்து அறைந்ததில் இடது காது அன்றோடு போனது.

ஆனால் அவள் மனதில் கனன்றுகொண்டிருந்த கோபம் அவன் மீது மட்டுமல்ல. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அவள் அலறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தார் வானொலியைச் சத்தமாக வைத்தார்கள். புருசன் பெண்டாட்டி விசயம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டார்கள். புருசனை எப்போதோ மறந்துவிட்டாள். அந்த வானொலியை மட்டும் மறக்கவில்லை.

கொழும்புக்கு ஓடிவந்து, முதலில் நுகேகொடையில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். அங்கேதான் ஓவன் அடுப்பில் சமைக்கப் பழகினாள். பிறகு வெள்ளவத்தைக்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் செய்யும் சீஸ் டிப்புக்கு அப்படியொரு பெயர். கடையில் விற்கும் கிரீம் சீஸை அவள் தொடமாட்டாள். எருமைத் தயிரை முதல்நாளே துணியில் கட்டி, குழாயில் தொங்கவிடுவாள். தண்ணீரெல்லாம் வடிந்து காலையில் வெண்ணெய்க்கட்டி மாதிரி இருக்கும். அதோடு வதக்கிய பசளிக்கீரை, உள்ளிப் பூண்டு, மிளகு, துருவிய சீஸ். கண்ணாடித் தட்டில் பரப்பி, மேலே இன்னும் கொஞ்சம் சீஸ் தூவி, ஓரமெல்லாம் கொப்பளிக்கும்வரை ஓவனில் விடுவாள். சூட்டோடு மேசையில் வைத்தால், வந்தவர்கள் மொறுமொறுவென்று சுட்ட ரொட்டியான ரோஸ்ட் பாணைப் பிய்த்து ஒரே தட்டில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். தெரியாதவர்கள்கூட இரண்டு வாய்க்குப் பிறகு தோளில் கைபோட்டுக் கதைப்பார்கள்.

அந்த மாதம் பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்தது. சுதர்சினி வீட்டில் மாலை ஐந்து மணிக்கு விருந்து. சுதர்சினிக்கு முப்பத்தொரு வயது, வங்கியில் வேலை. கணவன் கிருஷ்ணராஜ் ஏதோ இறக்குமதிக் கம்பனியில் மேலாளர். வெளியே அவனைப் பார்த்தால் பூனைக்குட்டிகூடப் பயப்படாது, அப்படியொரு பணிவு. வீட்டில் கைநீட்டுவான் என்பது பழனியம்மாவுக்கு அங்கே சமைக்கப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது. பட்டவளுக்குப் படுகிறவளைத் தெரியாதா? முந்தின மாதம் அடித்ததில் சுதர்சினியின் இடது கண்ணுக்குள் இரத்தம் கட்டியிருந்தது. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் பார்வை போய்விடும் என்று கண் டொக்டர் சொல்லியிருந்தார். பசளிக்கீரை ஆய்ந்துகொண்டே இதைச் சுதர்சினி சொன்னாள், யாரோ அயல்வீட்டுக்காரிக்கு நடந்ததுபோல. பழனியம்மா கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் வானொலியைக் கூட்டிவைப்பதாக அவளுக்குத் தோன்றியது.

விருந்தாளி கிருஷ்ணராஜின் டிரெக்டரும் அவர் மனைவி அனுஷியாவும். டிரெக்டர் வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார். அதுவும் நேர்த்தி வைத்து இருபது வருடமாகக் காத்துவருவது. அதனால் எல்லாமே மரக்கறி என்று கிருஷ்ணராஜ் மூன்று தரம் சொல்லியிருந்தான். பழனியம்மாவும் முட்டையைக்கூட அந்தச் சமையற் குசினிக்குள் எடுக்கவில்லை.

ஆனால் டிப்பின் மேலே ஒரு இனிப்புச் சுவை வேண்டும் என்பதற்காக, தான் வீட்டில் செய்து போத்தலில் கொண்டுவந்த, வெங்காயமும் சீனியும் வதக்கிய சீனிச்சம்பலை ஒரு மெல்லிய படையாகப் பரப்பினாள். அது அவளுடைய சொந்தக் கைவேலை, எந்த வீட்டிலும் எடுபடும். சீனிச்சம்பலில் மாசி இருக்கிறது. கருவாடாகக் காய்ந்த சூரை மீனை இடித்த மாசி. அவள் ஆயுளில் மாசியை மீன் கணக்கில் வைத்ததே இல்லை. உப்பு, மிளகாய், மாசி என்று டப்பாக்களை அடுக்கிவைக்கிற கை அது. கொழும்பில் பாதிக் குசினிகள் அப்படித்தான். மீன் என்றால் சந்தையில் வாங்குவது, மாசி என்றால் மசாலாத் தட்டில் இருப்பது. அந்த ஞாபகப் பிசகில் இரண்டு தட்டு தயாரானது. ஒன்று மேசைக்குப் போனது, மற்றது இரண்டாம் சுற்றுக்காக ஓவனில் இருந்தது.

டிரெக்டர் நாலு துண்டு பாண் தோய்த்துச் சாப்பிட்டார். சமைத்தது யார் என்றுகூடக் கேட்டார். கிருஷ்ணராஜின் முகத்தில் பதவி உயர்வே கிடைத்துவிட்ட பூரிப்பு. அப்போது அனுஷியா பல்லிடுக்கில் அகப்பட்ட ஒரு சிறு துணுக்கை விரலால் எடுத்துப் பார்த்து, இது மாசி போலக் கிடக்கே என்றாள். டிரெக்டர் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தார். திரும்பிவந்து, தெரியாமல் நடந்ததுதானே, பரவாயில்லை என்று சிரித்தார். கிருஷ்ணராஜும் சிரித்தான். சிரித்தபடியே எழுந்து குசினிக்கு வந்து கதவைச் சாத்தினான். வெறும் பிளெண்டரின் சுவிட்சைப் போட்டான்.

அந்தச் சத்தம் எதற்கென்று பழனியம்மாவுக்கு உடனே விளங்கியது.

அவன் சுதர்சினியின் கூந்தலைப் பிடித்து அலுமாரிக் கதவில் முகத்தை மோதினான். ஒருதரம் அல்ல, மூன்றுதரம். அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் இடது கண்ணை மட்டும் பொத்திக்கொண்டாள். மற்ற உடம்பு முழுவதையும் அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். முழங்காலால் வயிற்றில் உதைத்தான். உதடு கிழிந்து இரத்தம் நாடியால் வழிந்து சேலையில் விழுந்தது.

மாசி போட்டது நான், மிஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது என்று பழனியம்மா இடையில் விழுந்தாள். அவன் ஒரு கையால் அவளைத் தள்ளிவிட்டான். உன்னைப் பிறகு பார்க்கிறேன் என்றான். பிறகு சுதர்சினியின் விரல்களைக் கண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான். சின்ன விரல் முறிகிற சத்தம் பிளெண்டர் சத்தத்துக்கு மேலாலும் கேட்டது. முஷ்டியை ஓங்கினான்.

பழனியம்மா ஓவனைத் திறந்தாள். துணியால் தட்டைப் பிடித்தாள். சீஸ் கொதித்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதை அப்படியே அவன் கழுத்திலும் ஓங்கிய கையிலும் கவிழ்த்தாள்.

சுடுதண்ணீர் என்றால் வழிந்து ஓடிவிடும். சீஸ் ஓடாது. பிடித்த இடத்தில் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். அவன் மிருகம் மாதிரி அலறினான். வழித்தெடுக்கப் போன கையோடு தோலும் வந்தது. அலறிக்கொண்டே பழனியம்மாவின் மேல் பாய்ந்தான். அவள் பாண் வெட்டும் பலகையை எடுத்து நெற்றியில் ஒன்று போட்டாள். சுருண்டு விழுந்தான். விழுந்தவனை இன்னொருதரம் அடித்தாள். அந்த இரண்டாவது அடி தேவையில்லாதது. அது அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் அடித்தாள். பிறகு பிளெண்டரை நிறுத்தினாள்.

கதவைத் திறந்தவர் டிரெக்டர். உடைந்த கண்ணாடி, இரத்தம், சீஸ், தரையில் புரளும் கிருஷ்ணராஜ், கண்ணைப் பொத்தியபடி சுவரோரம் குந்தியிருக்கிற சுதர்சினி. பெரிய மனிதர் நிதானம் இழக்கவில்லை. காருக்கு ஆள் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் இது பொலிசுக்குப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். போகும் வழியிலேயே எல்லோருக்கும் ஒரு கதை கட்டிக்கொடுத்தார். தட்டுக் கைதவறி விழுந்தது, வழுக்கின இடத்தில் எல்லோரும் விழுந்து அடிபட்டார்கள். இப்படிச் சொன்னால் சமையற்காரி மறியலில் கம்பி எண்ணத் தேவையில்லை, குடும்ப மானமும் கப்பலேறாது. கிருஷ்ணராஜும் முனகியபடி தலையாட்டினான். யாருக்கும் நட்டமில்லாத கதை.

கிருஷ்ணராஜை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். பொலிஸ் நிலையத்தில் பெண்கள் பிரிவுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. சுதர்சினியின் விரலில் கட்டு, உதட்டில் தையல். கண் தப்பியிருந்தது. அவள் பழனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"அக்கா, கைதவறினது எண்டே சொல்லுங்கோ. எனக்காக நீங்கள் உள்ளுக்குப் போகவேண்டாம்."

பழனியம்மாவுக்கும் பயம்தான். கைதவறியது என்ற ஒரு வார்த்தையில் இன்றிரவே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறிவிடலாம். சுதர்சினி எங்கே போவாள்? கட்டு அவிழ்ந்ததும் அந்தக் குசினிக்கு, அந்தக் கதவுக்குப் பின்னால். அடுத்த விருந்தில் யார் சமைப்பார்களோ தெரியாது.

"மிஸ், நான் ஊத்துனது கைதவறுனதுன்னு எழுதுனா, அவரு அடிச்சதும் கைதவறுனதாத்தான் போகும்" என்றாள்.

உள்ளே போய்ப் பொலிஸ் அக்காவின் முன்னால் உட்கார்ந்தாள். சந்தையில் பழகிய சிங்களத்தில், தடுமாறாமல், நடந்ததை வரிசையாகச் சொன்னாள். மாசி போட்டது தன் பிழை. தட்டைக் கவிழ்த்தது தெரிந்து செய்தது. பலகையால் அடித்தது இரண்டுதரம், இரண்டாவதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். பொலிஸ் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு, இப்படிச் சொன்னால் உங்களை வீட்டுக்கு விடமுடியாது, விளங்குகிறதா என்று கேட்டார். விளங்குகிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்துச் சுதர்சினியைக் கூப்பிட்டார்கள். வாசலில் இருவரும் எதிரெதிராக வந்தபோது அவள் பழனியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்படி விழுந்தீர்கள் என்று பொலிஸ் அக்கா கேட்டார். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், சிங்களம் தெரியும் என்று சுதர்சினி தலையாட்டினாள். கதவோரம் நின்ற பழனியம்மா நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"நான் விழயில்லை" என்றாள் சுதர்சினி. "ஆறு வருசமா அடிக்கிறார். முதல்நாளில இருந்து சொல்லட்டோ?"

பொலிஸ் அக்கா எழுதியிருந்த தாளை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிய தாள் ஒன்றை எடுத்தார். பழனியம்மாவை அன்றிரவு வீட்டுக்கு விடவில்லை.