டிசி வரலீங்க!

மேடும் பள்ளமுமாக வருகிற கரண்ட்டை நேராக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆளுகளை நேராக்குவது இதில் சேராது என்று கடை போர்டிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். டெஸ்டரும் சால்டரிங் அயர்னுமாகத் திருப்பூரைச் சுற்றி அலைந்த சக பாவிகளுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இருக்காது. ஆளுக்கொரு செல்போன் வந்து, நாளுக்கு நாலு தடவை கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். பெருமாநல்லூரில் செல்லமுத்து அண்ணனின் எம்ப்ராய்டரி யூனிட்டில் குழந்தைக் கவுனில் மஞ்சள் வாத்து தைக்கிற ஆர்டர். சனிக்கிழமை சரக்கு, கப்பலுக்குப் போகிற கண்டெய்னரில் ஏற வேண்டும். தவறினால் சொந்தச் செலவில் ஏரோப்ளேனில் அனுப்பணும். அனுப்பினால் அண்ணன் யூனிட்டையே விற்க வேண்டியதுதான். புதன்கிழமை காலையில் மிஷின் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள்.

மூணு காப்பி

மிஷினின் பின்கதவைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். சுவரிலிருந்து வருகிற ஏசி கரண்ட்டில் குறையில்லை. அதை டிசியாக மாற்றிக் கண்ட்ரோல் போர்டுக்கு அனுப்புகிற டயோடு எரிந்து கிடந்தது. ஆபீஸில் இருக்கிற அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று, "அண்ணா, டிசி வரலீங்க!" என்று கத்தினேன். செய்த தப்பு அதுதான். நம்ம ஊரில் ஒரு மூட்டைத் துணி இன்னொரு யூனிட்டுக்குப் போனாலும் கூடவே டெலிவரி சலான் போகணும். அதற்கும் பேர் டிசிதான் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அண்ணன், துணி வெட்டி அனுப்புகிற பல்லடம் கட்டிங் யூனிட்டுக்குப் போன் போட்டுப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். நான் டயோடை மாற்றி முடிக்கிற நேரம், அந்த யூனிட் மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க வண்டியில் வந்து இறங்கினார். மிஷினுக்குள் தலையை விட்டிருந்த என்னிடம் சலான் புத்தகத்தை நீட்டினார். "டிசி வராம மிஷின் ஓடாதுன்னு அண்ணன் சொன்னாருங்க. வெள்ளை, மஞ்சள், ரோஸுன்னு மூணு காப்பி இருக்குது. மிஷினுக்கு எந்தக் காப்பியக் குடுக்கறதுங்க?"

வீக்கம்

டயோடு மாற்றியதும் டிசி வந்தது. ஆனால் நேராக நிற்காமல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைச் சமன் செய்ய வேண்டிய பெரிய கண்டன்சர், தலை உப்பி வீங்கிக் கிடந்தது. ஆபரேட்டர் எஸ்தர் நாசரேத் பக்கத்துப் பிள்ளை; ஒரே நேரத்தில் பன்னிரண்டு துணியில் தைக்கிற பன்னிரண்டு தலை மிஷினைத் தனியாளாக ஓட்டுகிறவள். அவள்தான், வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த அண்ணனுக்குப் போனில் தகவல் சொன்னாள்: "மெக்கானிக் அண்ணாச்சி பாத்துட்டாவ. நல்லா வீங்கிட்டாம். கோயம்புத்தூர் போகணுமாம்." பத்தே நிமிஷத்தில் அண்ணன் தைல பாட்டிலோடு ஓடிவந்து என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீங்கியது நானில்லை, இதுதான் என்று கண்டன்சரைக் கழற்றிக் காட்டினேன். தைல பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டே சொன்னார்: "கொண்டாந்தது கொண்டாந்தாச்சு. அதுக்கே ரண்டு சொட்டுத் தேச்சுப் பாருங்க தம்பி."

டேங்க் ரொம்பட்டும்

வியாழக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூர் போய்ப் புதுக் கண்டன்சர் வாங்கி வந்தேன். இது என்னத்துக்கு என்று அண்ணன் கேட்டார். நாலு எழுத்துப் படித்த திமிரில் விளக்கினேன். "உங்க ஊட்டு மேல தண்ணி டேங்க் இருக்குதுல்லீங்க? மோட்டார் விட்டு விட்டுத் தண்ணி ஏத்துனாலும் குழாயில சீராத்தான வருது? இது கரண்ட்டுக்கு அப்படியொரு டேங்குங்க." அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

மாட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டேன். மீட்டர் முள் ஆடாமல் அசையாமல் நின்றது. எஸ்தர் ஸ்டார்ட் பட்டனுக்குக் கையை நீட்டினாள். அண்ணன் குறுக்கே வந்து நின்றுகொண்டார். இது கண்ணை மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும் என்று கெஞ்சினேன், சத்தியம்கூடச் செய்தேன். ம்ஹூம்! கண்டெய்னருக்கு ரண்டே நாள் இருக்கிற மனுஷன், சேர் போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார். பொத்துக்கொண்டு வந்த கோபத்தை டீயோடு சேர்த்து விழுங்கினேன். அண்ணன் சமாதானம் சொன்னார்: "சும்மா இருங்க தம்பி. எங்கூட்டு டேங்குக்கே அரை மணி நேரம் ஆகுது. இது பாரின் மிஷினு, டேங்க் இன்னும் பெருசா இருக்கும்."

வாத்தின் மூக்கு

டீ முடிந்து ஒருவழியாக மிஷின் ஓடியது. பன்னிரண்டு தலையிலும் பன்னிரண்டு வாத்து, கண் இருக்கிற இடத்தில் கண், மூக்கு இருக்கிற இடத்தில் மூக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் செக்கிங் பார்க்கிறவர் ஒரு கவுனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளிநாட்டுப் பார்ட்டி பார்த்து, ஓகே சொல்லி, சீல் வைத்து அனுப்பிய சாம்பிள். நம்ம ஊரில் அதுதான் வேதம். சரக்கு அதிலிருந்து நூலளவு மாறினாலும் ஏற்றமாட்டார்கள். பழைய கண்டன்சர் உயிரை விட்டுக்கொண்டிருந்த நாளில் தைத்த சாம்பிள் அது. மூக்கு தைக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் நடுங்கி, மூக்கு வாத்தின் பிடரியில் போய் உட்கார்ந்திருந்தது. பார்ட்டிக்கு அந்த வாத்துதான் பிடித்திருக்கிறது.

நான் பெருமைப்பட்ட பன்னிரண்டையும் செக்கிங்காரர் தள்ளிவிட்டார். அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. என் தோளில் கையைப் போட்டுத் தனியாகக் கூட்டிப்போய், ரகசியமாகக் கேட்டார்: "தம்பி, மத்த எடத்துலெல்லாம் கரண்ட் இப்படியே நேரா இருக்கட்டும். மூக்கு வர்றப்ப மட்டும் கொஞ்சம் ஆட்டி உட முடியுமுங்களா?"

அதற்குள் எஸ்தர் கம்ப்யூட்டரில் டிசைனைத் திறந்து மூக்கை மட்டும் பிடித்திழுத்துப் பிடரியில் வைத்துவிட்டாள். அடுத்து வந்த வாத்துகளைச் செக்கிங்காரர் சாம்பிளோடு வைத்துப் பார்த்துவிட்டு, சரியென்று தலையாட்டினார். சனிக்கிழமை கடைசிப் பெட்டியும் ஏறி, கண்டெய்னர் கிளம்பியது. அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எஸ்தர் சொன்னாள்: "விடுங்க அண்ணாச்சி. ஒங்க கரண்டு இவ்வளவு நேரா இருக்கப்போய்த்தான, அத்தன வாத்துக்கும் மூக்கு ஒண்ணுபோலக் கோணலா வந்திருக்கு!"

ஆக, கரண்ட்டை நேராக்குவது வரைதான் நம் பொறுப்பு. அதை வைத்து எதைக் கோணலாக்குவது என்பது பார்ட்டியின் இஷ்டம்.