ஈஸ்வரி கட்டிவிட்ட கைப்பட்டை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஈஸ்வரிக்குப் பேக்கிங் வேலை. பதவி ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் தலையாட்டினால்தான் அந்த ஷெட்டுப் பெண்கள் எதையும் செய்வார்கள். மாதவிலக்கு வலியில் துடிப்பவளைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் அட்டை விரித்துப் படுக்கவைப்பாள். படுத்தவளின் பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். வேலை குறையாதபோது எவனுக்கு என்ன நஷ்டம்?

போன வருஷம் கம்பெனி தனக்கென்றே ஒரு ஃபைவ்ஜி நெட்வொர்க் போட்டது. வெளி சிக்னல் எட்டிப் பார்க்காத அந்த இரும்பு ஷெட்டுக்குள் தூணுக்குத் தூண் வெள்ளைப் பெட்டி. கூடவே எல்லாருக்கும் ஒரு கைப்பட்டை. பெண்கள் தயங்கினார்கள். சூப்பர்வைசர் குணசுந்தரி ஈஸ்வரியிடம் வந்தாள். இருவரும் கவரைப்பேட்டைக்காரர்கள், ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டிபன் டப்பாவில் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

"யாராச்சும் மயங்கி உழுந்தா ஆபீஸ்ல மணி அடிக்கும்டி. நம்ம நல்லதுக்குத்தான். நீ சொன்னா கேப்பாளுங்க."

ஈஸ்வரி நம்பினாள். ஆயுதபூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்த கையோடு கைப்பட்டைகளுக்கும் பொட்டு வைத்து, ஒவ்வொருத்திக்கும் தானே கட்டிவிட்டாள். வேவு பார்க்க வந்ததற்குக் கற்பூரம் காட்டியிருக்கிறாள்!

தை மாதம், அதே ஷெட்டில் பெட்டி ஒட்டும் நந்தினியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவள் அட்டையில் படுத்திருந்த நேரமெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் நகராத புள்ளியாகக் கிடந்தது. கான்ட்ராக்ட் ஆள்தானே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கேட் அருகே நந்தினி பட்டையைக் கழற்றி ஈஸ்வரி கையில் வைத்தாள்.

"நீ கட்டி உட்டன்னுதானேக்கா கட்டிக்கினேன்."

சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

சாப்பாட்டு வேளையில் குணசுந்தரி வழக்கம்போல் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்குத்தான்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள் ஈஸ்வரி.

"தெரியும்டி. நா சொன்னா கட்டுவாளுங்களா? அதான் உங்கிட்ட வந்தேன். எனுக்கும் புள்ளங்க கீது, இன்னா பண்ணச் சொல்ற?"

கூட இருந்தே குழி பறித்தவள், கருவாட்டுக் குழம்பை இவள் பக்கம் தள்ளினாள். ஈஸ்வரி சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஈஸ்வரிக்கே வலி வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் பெட்டியை ஒட்டத் திரும்பிக்கொண்டார்கள். அட்டை விரிக்க ஒருத்தியும் வரவில்லை.